கிராம சபையில் கணக்குக் கேட்பது எப்படி

சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். ஊரில் எல்லாருக்கும் இன்னும் நான் 'சத்துணவு டீச்சர்'தான். அந்த வேலையில் கரண்டியைவிடப் பதிவேட்டைப் பிடித்த நேரம்தான் அதிகம். ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, அதற்கு மேல் 150 கிராம் என்று கணக்கு. சின்ன வகுப்புப் பிள்ளைகள் 62 பேர் இன்றைக்குச் சாப்பிட்டார்கள் என்று நான் எழுதினால், அரிசி இருப்பில் 6 கிலோ 200 கிராம் குறைந்திருக்க வேண்டும். முட்டை 62 போயிருக்க வேண்டும். தலைமை ஆசிரியரின் வருகைப் பதிவேட்டிலும் அன்றைக்கு 62 பேராவது வந்திருக்க வேண்டும். ஆய்வுக்கு வருகிற கெட்டிக்கார அதிகாரி என்னிடம் எதுவும் விசாரிக்க மாட்டார். மூன்று நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைப்பார், அப்புறம் மூட்டையை எடை போடச் சொல்வார். அவ்வளவுதான்.

அரசாங்கம் சொல்லும் எந்தக் கணக்கையும் இதே வழியில்தான் சோதிக்க வேண்டும் என்பது என் கட்சி. ஒரு பதிவேடு சொல்வது சரிதானா என்று அரசாங்கத்தின் இன்னொரு பதிவேட்டில் பார்க்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போனாலும் நேரில் போய் ஒரு முறை அளந்து பார்க்க வேண்டும். பிறகு அதை ஊர் நடுவில் எல்லார் காதிலும் விழும்படி கேட்க வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு எங்கள் மகளிர் குழுப் பெண்களோடு சேர்ந்து நான் இதைத்தான் செய்துவருகிறேன். எங்கள் ஊரில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று தெரிந்ததை வைத்து எழுதுகிறேன். உங்கள் ஊருக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு வாக்கியத்தைப் பிடியுங்கள்

கிராம சபைக்குப் போகிறவர்கள் மனதில் பத்துக் குறையோடு போகிறார்கள். தெருவிளக்கு, சாக்கடை, ரேஷன், பட்டா, சுடுகாட்டுப் பாதை. பத்தையும் ஒரே மூச்சில் சொன்னால், 'எல்லாத்தையும் பார்த்துச் செய்யிறோம்மா' என்று ஒரே மூச்சில் பதில் வந்துவிடும். அதனால் ஒன்றை எடுங்கள். அதிலும் அரசாங்கமே வெளியில் சொன்ன, எண் உள்ள வாக்கியமாகப் பார்த்து எடுங்கள். 'இந்த ஊரில் எல்லா வீட்டுக்கும் குடிநீர் இணைப்பு கொடுக்கப்பட்டுவிட்டது' என்பது அப்படி ஒரு வாக்கியம். 'சிமென்ட் சாலை இத்தனை மீட்டர் போடப்பட்டது, செலவு இவ்வளவு' என்று வேலை நடந்த இடத்தில் பலகை வைத்திருப்பார்கள், அதுவும் அப்படித்தான். பலகையைப் பார்த்தவுடன் செல்போனில் படம் எடுத்துவிடுங்கள். பெயின்ட் உதிர்ந்த பிறகு அதில் ஒன்றும் படிக்க முடியாது.

அந்த வாக்கியத்தை வைத்து மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். இதில் என்ன சொல்லியிருக்கிறார்கள்? எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள்? இதை எழுதியவர் எந்தக் காகிதத்தைப் பார்த்து எழுதினார்?

குடிநீரையே பார்ப்போம். 2019-இல் வந்த ஜல் ஜீவன் திட்டத்தில் வீட்டுக்கு வீடு குழாய். எங்கள் ஊர்க் கணக்கிலும் எல்லா வீட்டுக்கும் இணைப்பு உண்டு. அது உண்மை, வாசலுக்கு வாசல் குழாய் நிற்கிறது. ஆனால் திட்டம் சொல்வது குழாயோடு முடியவில்லை. ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று அதில் அளவு இருக்கிறது. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர். எங்கள் பக்கத்துப் பிளாஸ்டிக் குடம் ஏறக்குறைய 15 லிட்டர் பிடிக்கும், அந்தக் கணக்கில் 18 குடம். வருகிறதா? இதற்கு அதிகாரி வர வேண்டியதில்லை, நாமே அளக்கலாம்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, மேலத்தெருவில் ஒரு வீடு, கீழத்தெருவில் ஒரு வீடு, காலனியில் இரண்டு வீடு என்று பிரித்துக்கொண்டோம். தேதி, தண்ணீர் வந்த நேரம், நின்ற நேரம், பிடித்த குடம், இந்த நான்கு மட்டும்தான். யாரையும் குறை சொல்லி ஒரு வரிகூட எழுதக் கூடாது என்று முதலிலேயே பேசிவைத்திருந்தோம். ஒரு மாதம் எழுதியதும் நோட்டே சொல்லிவிட்டது. தொட்டிக்குப் பக்கத்துத் தெருவில் குடம் நிறைந்து வழிகிறது, குழாய் முடிகிற காலனியில் நான்கு குடத்தோடு நின்றுவிடுகிறது. 'எல்லா வீட்டுக்கும் இணைப்பு' என்ற கணக்கு பொய்யில்லை. அந்த வாக்கியத்துக்குள் காலனியின் தாகம் தெரியவில்லை, அவ்வளவுதான். நோட்டை கிராம சபையில் படித்தோம். அதற்குப் பிறகு காலனிக்குத் தனி நேரம் வைத்து வால்வு திறக்கிறார்கள். இன்னும் 18 குடம் வரவில்லை. நோட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

காகிதம் கேட்பது

சாலை, சிறுபாலம், பேவர் பிளாக் தளம், கண்மாய் மராமத்து போன்ற வேலைகளுக்கு வேறு வழி. ஒவ்வொரு வேலைக்கும் பின்னால் ஒரு காகிதக் கோவை உண்டு. எஸ்டிமேட் என்று சொல்கிற மதிப்பீடு, பணி ஆணை, ஓவர்சியர் அளந்து எழுதும் அளவுப் புத்தகம் என்கிற எம் புக், பணம் கொடுத்த வவுச்சர். இந்த நான்கும் ஒன்றோடு ஒன்று பொருந்தினால்தான் பணம் வெளியே போக முடியும். பொருந்தாத வேலையும் நடக்கிறது என்பதால்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

கையில் ஸ்மார்ட்போன் உள்ள பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் முதலில் இ-கிராம் சுவராஜ் இணையதளத்தைத் திறக்கச் சொல்லுங்கள். மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால், நிதிக்குழு மானியத்தில் உங்கள் ஊராட்சி போட்ட திட்டமும் செய்த செலவும் தெரியும். மொத்தமும் அங்கே கிடைக்காது. ஆனால் எதைப் பற்றிக் கேட்பது என்று முடிவு செய்ய அது போதும்.

மற்றதற்குத் தகவல் பெறும் உரிமைச் சட்டம். 2005-இல் வந்த இந்தச் சட்டத்தைப் பற்றி ஏகப்பட்ட பேர் பேசுகிறார்கள், எழுதத்தான் தயங்குகிறார்கள். வெள்ளைத் தாளில் தமிழில் கையால் எழுதினால் போதும். பத்து ரூபாய்க்குக் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் அந்தச் சான்றின் நகலை இணைத்தால் அதுவும் வேண்டாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை என்று சட்டத்தின் 6(2) பிரிவே சொல்கிறது. போன் போட்டு 'எதுக்கும்மா இதெல்லாம் உங்களுக்கு' என்று யாராவது கேட்டால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள். குரலை உயர்த்த வேண்டாம்.

எப்படிக் கேட்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 'ஏன் ரோடு மோசமாகப் போட்டீர்கள்' என்று எழுதினால், அது தகவல் என்ற வரையறைக்குள் வராது என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவர்கள் அலமாரியில் இருக்கிற காகிதத்தை, அதன் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். நாங்கள் எழுதுவது இப்படி:

'பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர், ஊராட்சி ஒன்றிய அலுவலகம். பொருள்: தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)-இன் கீழ் தகவல் கோருதல். எங்கள் ஊராட்சியில் கீழத்தெருவில், முருகன் கோயில் முதல் பொதுக்கிணறு வரை போடப்பட்ட சிமென்ட் சாலைப் பணி தொடர்பாக: (1) மதிப்பீட்டின் நகல், (2) பணி ஆணையின் நகல், (3) அந்தப் பணிக்குரிய அளவுப் புத்தகப் பக்கங்களின் நகல், (4) பணம் வழங்கியதற்கான வவுச்சர் நகல், ஆகியவற்றைச் சான்றிட்டு வழங்கக் கோருகிறேன்.'

ஒரு மனுவில் ஒரு வேலை மட்டும். சாலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை ஊர்க்காரர் சொல்கிற மாதிரியே எழுதிவிடுங்கள், பின்னால் வேறு சாலையின் காகிதத்தைத் தந்துவிட்டு இதுதான் அது என்று சொல்ல முடியாது. வேறு அலுவலகத்துக்குப் போக வேண்டிய மனுவாக இருந்தால் அதை ஐந்து நாளுக்குள் அவர்களே அங்கே அனுப்ப வேண்டும், அது பிரிவு 6(3). விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதை நோட்டில் ஒட்டிவையுங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் சீலும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.

முப்பது நாளில் பதில் வர வேண்டும். நகலுக்குப் பக்கம் இரண்டு ரூபாய். முப்பது நாள் தாண்டிவிட்டால் அந்த இரண்டு ரூபாயும் கேட்கக் கூடாது. பதில் வரவில்லை அல்லது அரைகுறையாக வந்தது என்றால் அடுத்த முப்பது நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு. அதற்கும் சரியான பதில் இல்லையென்றால் 90 நாளுக்குள் சென்னையில் இருக்கும் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. காரணமில்லாமல் இழுத்தடித்த அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை தண்டம் போட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அங்கே போய்ச் சேர ரொம்ப நாள் ஆகும். அதனால்தான் முதல் மனுவையே ஓட்டையில்லாமல் எழுதச் சொல்கிறேன்.

நகல் வந்தவுடன் டேப்பை எடுத்துக்கொண்டு நான்கு பேராகக் கிளம்புங்கள். எம் புக்கில் நீளம், அகலம், கனம் என்று மூன்று அளவு இருக்கும். நீளமும் அகலமும் யாரும் அளக்கலாம். கனம் தெரிய வேண்டுமானால் சாலை ஓரத்து மண்ணை விலக்கிப் பாருங்கள். கொத்தனார் வேலை பார்க்கிற ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவது நல்லது, எங்கள் தெருவில் அப்படி ஒரு தம்பி இருக்கிறான், அவன் கண்ணுக்கே கலவை தெரிந்துவிடும். ஒரு வேலையையோ ஆவணத்தையோ நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் மாதிரியைச் சான்றிட்டு வாங்கவும்கூட இந்தச் சட்டத்தின் 2(j) பிரிவில் உரிமை இருக்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை.

இன்னொன்றும் முக்கியம். அளந்து பார்த்ததில் கணக்குச் சரியாக இருந்தால் அதையும் ஊர்க் கூட்டத்தில் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ஒரு வடிகால் வேலையை அப்படி அளந்தோம், ஒரு சாண் கூடக் குறையவில்லை. அடுத்த கூட்டத்தில் எழுந்து சொன்னேன். அந்த ஓவர்சியர் அதற்குப் பிறகு நாங்கள் கேட்கிற காகிதத்தை இழுத்தடிப்பதே இல்லை. குற்றம் கண்டுபிடிக்க மட்டுமே வருகிறவர்கள் என்ற பெயர் வந்துவிட்டால் நம் நோட்டுக்கு மதிப்பு போய்விடும். ஊருக்குள் வாட்ஸப்பில் சுற்றுகிற செய்திக்கும் இதே அளவுகோல்தான். 'பஞ்சாயத்தில் இத்தனை லட்சம் சுருட்டிட்டாங்க' என்று ஒரு ஆடியோ வந்தால், எந்த வேலை, எந்த வருடம், எந்த வவுச்சர் என்று அதையும் கேளுங்கள். பதில் இல்லையென்றால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

பதில் கடிதத்தை வாசிப்பது

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுத்தாலும், 1100-க்கு போன் போட்டுப் புகார் பதிந்தாலும் பதில் ஒன்று வரும். அதில் பாதிக்கு மேல் ஒரே அச்சில் இருக்கும். 'கள ஆய்வு செய்யப்பட்டது.' 'உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது.' 'நிதி ஒதுக்கீடு பெறப்பட்டவுடன் பரிசீலிக்கப்படும்.' இந்த வாக்கியங்களில் ஆள் இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆய்வு செய்தது யார்? எந்தத் தேதியில்? அப்போது ஊர்க்காரர் யார் கூட நின்றார்கள்? அந்த ஆய்வு அறிக்கை எங்கே? அந்த அறிக்கையின் நகலைக் கேட்டு அடுத்த தகவல் மனுவைப் போடுங்கள். ஆய்வு நடக்கவே இல்லையென்றால் கொடுக்க அறிக்கை இருக்காது, அது அவர்கள் கையெழுத்திலேயே வெளியில் வரும்.

மனு எண் இல்லாமல் எந்த மனுவும் மனு இல்லை. எங்கள் பக்கத்தில் 58 கிராமக் கால்வாய்க்குத் தண்ணீர் கேட்டு அலைந்த பெரியவர்களைக் கேட்டால் தெரியும், அவர்கள் வீட்டுப் பரணில் மனு நகல் கட்டுக்கட்டாகக் கிடக்கும். அந்த நகல்கள் இருந்ததால்தான் 'இதுவரை யாரும் கேட்கவில்லையே' என்று எவராலும் சொல்ல முடியவில்லை.

கூட்டத்தன்று

தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு நாள் கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று முன்பு நான்கு இருந்தது. மார்ச் 22 தண்ணீர் தினமும் நவம்பர் 1 உள்ளாட்சி தினமும் 2022-இல் சேர்ந்தன. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். இது யாரும் அழைத்தால் போகிற விசேஷம் இல்லை, நம் சபை. அதனால் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புதிதாகச் சேர்க்கப் படிவம் 6, திருத்தத்துக்குப் படிவம் 8. கல்யாணமாகி வந்த மருமகள்களின் பெயர்தான் அதிகம் விடுபடுகிறது. திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் பிழைக்கப் போன பிள்ளைகளின் பெயரையும் பாருங்கள்.

ஏழு நாளுக்கு முன் நேரம், இடம், பொருள் எல்லாம் தெரிவித்திருக்க வேண்டும். ஊர் பெரிதா சிறிதா என்பதைப் பொறுத்துக் குறைந்தபட்ச வருகை உண்டு: 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50, 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. இந்த எண்ணிக்கையை நிரப்பத்தான் காலையிலேயே கையெழுத்து வாங்க நோட்டோடு ஆள் வருவார். இதில் ஒன்றைப் பிடிவாதமாகச் செய்யுங்கள். கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்த பிறகு மட்டும் கையெழுத்துப் போடுங்கள். எழுதாத பக்கத்தில் ஒருபோதும் போடாதீர்கள். தீர்மானங்களை எழுதி, வாசித்து, கடைசித் தீர்மானத்தின் கீழே கோடு போட்ட பிறகு அதன் அடியில் கையெழுத்துப் போடுவது நல்லது. வாசிக்கச் சொன்னால் முதலில் முகம் சுளிப்பார்கள். 'கண்ணு தெரியலை தம்பி, கொஞ்சம் சத்தமா வாசிங்க' என்று எங்கள் ஊர் அப்பத்தா ஒருவர் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்பார். அவர் கேட்டு யாரும் மறுத்ததில்லை.

வரவு செலவுக் கணக்கைப் படிவம் 30-இல் வைத்து வாசித்து ஒப்புதல் வாங்க வேண்டும், பிளக்ஸ் பேனரிலும் எழுதித் தொங்கவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் சுற்றறிக்கை வருகிறது. பேனர் இல்லாவிட்டால் கூட்டம் தொடங்கும்போதே கேளுங்கள், முடிந்த பிறகு கேட்டுப் பயனில்லை. பேனர் இருந்தால் பெரிய தொகைகளைப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். மின்மோட்டார் பழுது, தெருவிளக்குப் பல்பு, பிளீச்சிங் பவுடர், இந்த மூன்று வரியையும் பாருங்கள். மாதாமாதம் சின்னச் சின்னத் தொகையாகப் போவது இங்கேதான். எத்தனை விளக்கு மாற்றியதாக எழுதியிருக்கிறது, இருட்டிய பிறகு தெருவில் எத்தனை எரிகிறது என்று நடந்துபோய் எண்ணிவிடலாம்.

பேசும்போது ஒரு ஆள் ஒரே கேள்வி. கேள்வியைத் தாளில் எழுதி, தீர்மானமாக எப்படி வர வேண்டும் என்பதையும் நாமே எழுதிக்கொண்டு போக வேண்டும். 'குடிநீர் குறித்து விவாதிக்கப்பட்டது' என்று எழுதினால் அது ஒன்றுக்கும் ஆகாது. 'காலனி மூன்றாம் தெருவில் நாள்தோறும் காலை ஆறு முதல் ஏழரை வரை குடிநீர் வழங்குவது என்றும், அதன் விவரத்தை அடுத்த கிராம சபையில் வைப்பது என்றும் தீர்மானிக்கப்பட்டது' என்று எழுதவையுங்கள். அடுத்த கூட்டத்தில் முதல் கேள்வியாக அதைக் கேட்கலாம்.

2019 டிசம்பரில் தேர்தல் நடந்து வந்த ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். தலைவர் இல்லையே, யாரைக் கேட்பது என்று நிறையப் பேர் விட்டுவிட்டார்கள். தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் கிராம சபை ஒன்றுதான், அதன் கேள்வியும் ஒன்றுதான். உள்ளூர்க்காரரிடம் முகத்துக்கு நேரே கேட்கச் சங்கடப்பட்டவர்களுக்கு வெளியூர் அலுவலரிடம் கேட்பது எளிதாகவும் இருக்கிறது.

மதுரை நகரத்துக்குள் இருப்பவர்களுக்குக் கிராம சபை கிடையாது. மாநகராட்சியின் நூறு வார்டுகளிலும் பகுதி சபைக் கூட்டம் என்று உண்டு, 2022 நவம்பர் 1-இல் முதலில் நடந்தது. அடுத்தது எப்போது என்று கவுன்சிலரைக் கேளுங்கள். கேட்க ஆள் இல்லாத சபை பெயருக்குத்தான் நடக்கும்.

அரிட்டாபட்டியில் பார்த்தது

இந்த முறை பெரிய விஷயத்துக்கும் பொருந்துமா என்று கேட்கிறவர்களுக்கு மேலூர்ப் பக்கத்தைக் காட்டுகிறேன். 2024 நவம்பர் 7 அன்று நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதிக்கான ஏல முடிவு வந்தது, இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனத்துக்குப் போனது. தொகுதியின் பரப்பு 2015.51 ஹெக்டேர். அதற்குள்தான் அரிட்டாபட்டி இருக்கிறது. அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193.215 ஹெக்டேரைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று 2022-இல் மாநில அரசே அறிவித்திருந்தது, தமிழ்நாட்டில் முதல் தலம் அதுதான். ஏழு மலை, குடைவரைக் கோயில், தமிழி கல்வெட்டு, ஊற்று, கண்மாய், வல்லூறு எல்லாம் உள்ள இடம்.

பிரச்சினை வெடித்ததும் இரண்டு அரசுகள் இரண்டு விவரம் சொன்னன. ஏலம் முடியும் வரை மாநிலம் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை, 2024 பிப்ரவரி 8 அன்று நில விவரங்களையும் தந்தது என்றது ஒன்றிய சுரங்க அமைச்சகம். 2023 அக்டோபர் 3 அன்றே எதிர்த்துக் கடிதம் எழுதிவிட்டோம் என்றது மாநில அரசு. இந்த இடத்தில் ஊரில் பாதிப் பேர் ஒரு கட்சியையும் மீதிப் பேர் இன்னொரு கட்சியையும் நம்பிக்கொண்டு பிரிந்துபோக எல்லா வாய்ப்பும் இருந்தது. இதற்கு நான் சொல்கிற வழி, தேதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதுவது. 2023 ஆகஸ்டில் முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரத்தைச் சட்டத் திருத்தத்தின் வழியே ஒன்றிய அரசு எடுத்துக்கொண்டது. அக்டோபரில் எதிர்ப்புக் கடிதம். அடுத்த பிப்ரவரியில் நில விவரம். நவம்பரில் முடிவு. வரிசையைப் பார்த்தால் இரண்டு விவரமும் தனக்கு வேண்டிய தேதியை முன்னால் வைக்கிறது என்று தெரியும். அப்புறம் நாம் இரு பக்கமும் கேட்கலாம்: கடிதத்தின் வாசகம் என்ன, நில விவரம் கொடுத்தபோது வேண்டாம் என்று எழுதினீர்களா, ஏலத்துக்கு முன் அந்த ஊர் மக்களை யார் கேட்டது?

பரப்பளவிலும் பாருங்கள். பல்லுயிர்த் தலத்தை மட்டும் விட்டுவிட்டு மறுபரிசீலனை என்ற பேச்சு வந்தது. அந்தத் தலம் மொத்தத் தொகுதியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மீதி ஒன்பது பங்கிலும் வீடும் வயலும் கோயிலும் இருந்தன. இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்தால் போதும், அந்தச் சமாதானத்தில் எவ்வளவு விடுபட்டுப் போகிறது என்று தெரிந்துவிடும்.

மக்கள் செய்தது என்ன? நவம்பர் 23 அன்று நடந்த கிராம சபைகளில் அரிட்டாபட்டி உள்ளிட்ட ஊர்கள் வேண்டாம் என்று தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் தபால் நிலையத்துக்குப் பேரணி வந்தது. ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து. பேரணியைத்தான் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தத் தீர்மானப் புத்தகங்கள்மேல்தான் கண். ஊர் ஊராகத் தேதியோடும் கையெழுத்தோடும் 'வேண்டாம்' என்று அரசாங்க நோட்டிலேயே ஏறிவிட்டது. 'மக்கள் எதிர்க்கவில்லை' என்ற வாக்கியத்தை அதற்குமேல் யாராலும் எழுத முடியாது.

யார் பேசுகிறார்கள் என்று பாருங்கள்

இதைச் சொல்லாமல் மேலே சொன்னது எதுவும் முழுமையாகாது. எங்கள் உசிலம்பட்டிப் பக்கத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில், தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதால் 1996-இலிருந்து 2006 வரை ஒழுங்காக ஒரு தேர்தல் நடக்க முடியவில்லை. யாரும் மனுத் தாக்கல் செய்யவில்லை, ஜெயித்தவர் ராஜினாமா செய்துவிட்டார் என்றே அரசுக் குறிப்பு சொல்லிவந்தது. அந்தக் குறிப்பு காகிதத்தில் சரிதான். ஏன் மனுப் போட முடியவில்லை, யார் ராஜினாமா செய்யச் சொன்னது என்று ஊருக்கே தெரியும். மேலூர்ப் பக்கம் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் ஐந்து பேரையும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். ஒதுக்கீட்டு ஊராட்சியில் தேர்தலில் நின்று ஜெயித்தார் என்பதுதான் காரணம்.

ஆகவே உங்கள் கிராம சபையில் யார் எழுந்து பேசுகிறார், யார் ஓரத்தில் நிற்கிறார் என்பதும் நீங்கள் எழுதிவைக்க வேண்டிய கணக்கு. கூட்டம் எங்கே நடக்கிறது? கோயில் வளாகம் போன்ற இடத்தில் நடத்தக் கூடாது என்றும், குக்கிராமங்களில் மாறி மாறி நடத்த வேண்டும் என்றும் அறிவுறுத்தல் இருக்கிறது. காலனியில் கடைசியாக எப்போது நடந்தது என்று கேளுங்கள். ஒருபோதும் நடக்கவில்லை என்றால் அடுத்த கூட்டம் அங்கேதான் என்று தீர்மானம் எழுதச் சொல்லுங்கள், அதைக் காலனிக்காரரே கேட்க வேண்டும் என்று விட்டுவிடாமல் மேலத்தெருக்காரர் எழுந்து கேளுங்கள். கேட்டால் வேலை போகும், வயலில் இறங்க விடமாட்டார்கள் என்ற பயம் உள்ளவரை முன்னால் தள்ளிவிட்டு நாம் பின்னால் நிற்கக் கூடாது. இழக்க எதுவும் இல்லாதவர், என்னைப் போல ஓய்வூதியம் வாங்குகிறவர், முதல் கேள்வியைக் கேட்கட்டும்.

தகவல் மனுவிலும் இதே எச்சரிக்கை வேண்டும். ஒருவர் பெயரில் மட்டும் எல்லா மனுவும் போக வேண்டாம். குழுவில் ஆளுக்கு ஒன்றாகப் போடுங்கள். அப்போது மிரட்ட வருகிறவருக்கு எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்றே தெரியாது. மிரட்டல் வந்தால் அன்றைக்கே எழுத்தில் காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள், நகலைக் கலெக்டர் அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். பெண்கள் தனியாக அலுவலகம் போகாதீர்கள், இரண்டு பேராவது சேர்ந்து போங்கள். பேசியதற்குச் சாட்சியும் ஆச்சு.

கோப்பு யாரிடம் இருக்க வேண்டும்

மனு நகல், ரசீது, பதில், தீர்மான நகல், அளந்த நோட்டு எல்லாவற்றையும் வேலை வாரியாக ஒரு கோப்பில் போடுங்கள். கோப்பின் முதல் பக்கத்தில் தேதி வரிசை இருக்கட்டும். அதைப் படித்தாலே புதிதாக வருகிறவருக்கு நடந்தது புரிய வேண்டும். செல்போனில் படம் எடுத்து இரண்டு மூன்று பேரிடம் வைத்திருங்கள். எங்கள் கோப்பு இப்போது என்னிடம் இல்லை. கல்லூரி முடித்த இரண்டு பெண் பிள்ளைகள் வைத்திருக்கிறார்கள், ஒருத்தி கீழத்தெரு, ஒருத்தி காலனி. அடுத்த கூட்டத்தில் வாசிக்க வேண்டிய கேள்வி, கீழத்தெருச் சாலையின் அளவுப் புத்தகத்தைப் பற்றியது. மேல்முறையீடு போட்டுத்தான் அந்தப் பக்கங்கள் வந்து சேர்ந்தன. அளக்கிற வேலை இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், வெயில் ஏறுவதற்குள்.